ஆள் சேரும்வரை அடங்கிக் கிடக்கும் கிருமிகள்

உடம்புக்குள் நுழைந்துவிட்ட ஒரே ஒரு பாக்டீரியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அதன் அளவு. நச்சு தயாரிக்கும் மரபணு அதனிடம் இருக்கிறது, திசுவை அரிக்கும் நொதியைச் செய்யவும் தெரியும். ஆனால் தனியாக இருக்கும்போது அந்த நச்சைக் கக்கினால் என்ன ஆகும்? சுற்றியுள்ள திரவத்தில் கரைந்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும், புரதம் செய்யச் செலவழித்த சக்தி வீண், போதாக்குறைக்கு நம் வெள்ளணுக்களுக்குத் தானே ஆளனுப்பிக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் பல நோய்க்கிருமிகள் அந்த வேலையைச் செய்வதில்லை. அடங்கிக் கிடந்து பெருகுகின்றன. போதுமான ஆள் சேர்ந்த பிறகு எல்லாம் ஒன்றாக ஆயுதத்தை எடுக்கின்றன.

சரி, கண் இல்லை, காது இல்லை, மூளை இல்லை. ஆள் சேர்ந்துவிட்டது என்று ஒரு செல்லுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் அது கலைந்துபோகும். கோடிக்கணக்கில் நெருக்கியடித்து இருக்கும் இடத்தில் தேங்கும். தேங்கிய அளவு ஓர் எல்லையைத் தாண்டியதும், அதே மூலக்கூறைப் பிடிப்பதற்கென்றே செல்லிடம் இருக்கும் ஏற்பிப் புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது, அதோடு மரபணுக்களின் ஒரு வரிசையே விழித்துக்கொள்கிறது. இதற்குக் கோரம் சென்சிங் என்று பெயர். கூட்டம் நடத்தக் குறைந்தது இத்தனை உறுப்பினர் வேண்டும் என்போமே, அந்தக் கோரம்தான். 1994இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில்தான் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. தமிழில் கோரம் என்றால் பார்க்கச் சகிக்காதது என்றும் பொருள் உண்டு. இந்தக் கிருமிகள் கூட்டம் கூடிச் செய்வதைப் பார்த்தால் அதுவும் தப்பாகத் தோன்றவில்லை.

இது முதலில் தெளிவாகத் தெரிய வந்தது நோய்க்கிருமியிடம் அல்ல, கடலில் ஒளிரும் ஒரு பாக்டீரியாவிடம். விப்ரியோ ஃபிஷெரி என்று பெயர். அதைப் புது ஊட்டக் கரைசலில் போட்டு வளர்த்தால் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் மட்டும் வராது; ஒரு கட்டத்தில் திடீரென்று ஒளிர ஆரம்பிக்கும். 1970இல் கென்னத் நீல்சன், டெரி பிளாட், வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் மூவரும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: அந்தப் பாக்டீரியாக்களே ஏதோ ஒன்றை வெளியே விடுகின்றன, அது சேர்ந்தால்தான் விளக்கு எரியும். அடர்த்தியாக வளர்ந்த கரைசலிலிருந்து செல்களை வடிகட்டி எறிந்துவிட்டு மீதித் திரவத்தில் கொஞ்சம் பாக்டீரியாவைப் போட்டால், ஆள் குறைவாக இருக்கும்போதே ஒளிர்கின்றன. அந்த 'ஏதோ ஒன்று' எந்த வேதிப்பொருள் என்று 1981இல் கண்டுபிடித்தார்கள். அசைல் ஹோமோசெரின் லாக்டோன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூறு அது.

இந்தப் பாக்டீரியா ஹவாய்க் கடலில் வாழும் ஒரு குட்டிக் கணவாயின் வயிற்றுப் பக்கத்தில் இருக்கும் ஒளியுறுப்பில் குடியிருக்கிறது. அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி என்ற கணக்கில் அடைந்து கிடக்கும். கணவாய் இரவில் இரை தேடப் போகும்போது நிலவொளியில் அதன் நிழல் கீழே விழாமல் இந்த வெளிச்சம் மறைத்துவிடுகிறது. விடிந்ததும் பாக்டீரியாக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலில் துப்பிவிடும். மிச்சம் இருப்பவை பகலெல்லாம் பெருகி இரவுக்குத் தயாராகும். துப்பப்பட்டவை பரந்த கடலில் தனித்தனியாக, இருட்டில். ஒரே பாக்டீரியா, இடம் மாறியதும் நடத்தையே மாறிவிடுகிறது. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

உண்மையில் இதற்கும் முன்பே, 1965இல், அலெக்சாண்டர் தோமாஸ் நிமோனியா கிருமியிடம் ஹார்மோன் மாதிரியான ஒரு பொருளைக் கண்டிருந்தார். அடர்த்தியாக இருக்கும்போது அந்தக் கிருமி வெளியில் கிடக்கும் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறனைப் பெறுகிறது, அதைத் தூண்டுவது செல்களே வெளியிட்ட பொருள். ஒரு கிருமி இன்னொன்றின் மருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்கிக்கொள்ளும் வழிகளில் இதுவும் ஒன்று என்பதால் இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் பாக்டீரியா என்றால் தன் பாட்டுக்குப் பிரிந்து பெருகும் தனிச்செல், அதற்கு அக்கம்பக்கம் எல்லாம் கிடையாது என்பதுதான் அப்போதைய எண்ணம். நெடுநாள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கிருமிகளிடம் இதே ஏற்பாடு அகப்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

பாக்டீரியாக்களைச் செல்சுவரின் அமைப்பை வைத்துக் கிராம் நெகட்டிவ், கிராம் பாசிட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சமிக்ஞையின் வேதியியலும் அதே மாதிரி இரண்டு பெரிய வகையாகப் பிரிகிறது. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நான் மேலே சொன்ன லாக்டோன் வகையைப் பயன்படுத்துகின்றன. தலை எல்லாவற்றுக்கும் ஒன்று, வால் மட்டும் வேறு: 4 கார்பன் முதல் 18 கார்பன் வரை. வாலின் நீளத்தை வைத்துத்தான் தன் இனத்தானா இல்லையா என்று அடையாளம். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்கள் சிறு பெப்டைடுகளை, அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலிகளை வெளியே விடுகின்றன. இது போக ஏஐ-2 என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வகையிலும் பல இனங்கள் அதைச் செய்கின்றன, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பானி பாஸ்லர் குழு அதைப் பிரபலமாக்கியது. ஒளிரும் இன்னொரு கடல் பாக்டீரியாவில் அதன் வடிவத்தை 2002இல் கண்டபோது நடுவில் போரான் அணு உட்கார்ந்திருந்தது. உயிரினங்களில் போரானுக்கு இப்படி ஒரு தெளிவான வேலை இருப்பது அபூர்வம்.

இனி நோய்க்கு வருவோம். இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட கிருமி சூடோமோனாஸ் ஏருஜினோசா. தீக்காயங்களில், செயற்கைச் சுவாசக் குழாய்களில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில் குடியேறும் பிடிவாதக்காரக் கிருமி. இதனிடம் ஒரு சமிக்ஞை இல்லை, அடுக்கடுக்காக மூன்று இருக்கின்றன. 12 கார்பன் வால் கொண்ட லாக்டோன் முதலில் சேர்கிறது, அது 4 கார்பன் லாக்டோன் செய்யும் பிரிவைத் தட்டியெழுப்புகிறது, நடுவே குவினோலோன் வகை மூலக்கூறு ஒன்று இரண்டையும் இணைக்கிறது. இந்த அடுக்கின் கையில் 300க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. நுரையீரலின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டினை அரிக்கும் நொதி, சளிக்கும் சீழுக்கும் பச்சை நிறம் கொடுக்கும் பயோசயனின், வெள்ளணுக்களைக் கொல்லும் சோப்பு மாதிரியான ரம்னோலிப்பிட், எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

பயோஃபிலிமும் இதோடு சேர்ந்ததுதான். பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பிசினுக்குள் ஒட்டிக்கொண்டு வாழும் படலம் அது, ஆன்டிபயாட்டிக் உள்ளே எளிதில் வேலை செய்யாது. 1998இல் ஒரு பரிசோதனையில், முதல் சமிக்ஞையைச் செய்யத் தெரியாத சூடோமோனாஸை வளர்த்துப் பார்த்தார்கள். அதுவும் படலம் அமைத்தது, ஆனால் மேடும் பள்ளமும் நீரோடும் வழிகளுமாக இருக்க வேண்டியது சப்பையாக வந்தது, சோப்புப்பொருள் பட்டதும் கழன்றது. சமிக்ஞை மூலக்கூறை வெளியிலிருந்து ஊற்றினால் பழையபடி உறுதியான படலம். நோயாளியின் உடம்பிலும் இதே மாதிரி எளிதாக இருக்கும் என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். அது ஏன் அப்படியே நடக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோலிலும் இரத்தத்திலும் தொற்றை உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் கணக்கு வேறு. இதன் சமிக்ஞை 7 முதல் 9 அமினோ அமிலம் கொண்ட வளைய வடிவப் பெப்டைடு, ஏற்பாட்டின் பெயர் ஏஜிஆர். ஆள் குறைவாக இருக்கும்போது இந்தக் கிருமி ஒட்டிக்கொள்ளும் புரதங்களைச் செய்கிறது. ஆள் சேர்ந்து ஏஜிஆர் எழுந்ததும் ஒட்டுவதை விட்டுவிட்டு நச்சுகளைச் செய்யத் தொடங்குகிறது. முதலில் பிடி, பிறகு அடி. இதில் இன்னொரு வேடிக்கை, ஒரே இனத்துக்குள் நாலு கோஷ்டி இருக்கிறது. ஒரு கோஷ்டியின் பெப்டைடு தன் ஆட்களை எழுப்பும், மற்ற கோஷ்டிகளின் ஏஜிஆரைப் பெரும்பாலும் அடக்கிவிடும். ஆக இது தகவல் சொல்வதோடு நிற்பதில்லை, அடுத்தவன் வாயை அடைப்பதும்தான்.

காலரா கிருமியிடம் கதை அப்படியே தலைகீழ். ஆள் குறைவாக இருக்கும்போதுதான் விப்ரியோ காலரே நச்சு செய்கிறது, படலம் கட்டுகிறது. கூட்டம் சேர்ந்ததும் ஹேப்பார் என்ற புரதம் எழுந்து இரண்டையும் நிறுத்துகிறது, ஒட்டியிருப்பதைக் கழற்றிவிடும் நொதியைச் செய்யச் சொல்கிறது. யோசித்தால் நியாயம் புரியும். சூடோமோனாஸ் வருடக்கணக்கில் தங்க வரும் கிருமி. காலரா கிருமி வந்து, பெருகி, சில நாளில் பேதியோடு வெளியேறி அடுத்த ஆளைத் தேடும் கிருமி. அதற்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது என்றால் 'வேலை முடிந்தது, கிளம்பு' என்று பொருள். கிருமிகள் ஒன்றோடொன்று பேசித் தாக்குகின்றன என்று பொதுவாகச் சொல்லும் கட்டுரைகளில் இந்த விதிவிலக்கு காணாமல் போய்விடுகிறது, எனக்கோ முழு விஷயத்திலும் இதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் பேச்சு என்ற உவமையிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 2002இல் ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியலாளர் ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டார்: செல் உண்மையில் மற்றவர்களை எண்ணுகிறதா, அல்லது 'நான் வெளியே விடுவது என் பக்கத்திலேயே தங்குகிறதா, அடித்துக்கொண்டு போய்விடுகிறதா' என்று மட்டும் பார்க்கிறதா? விலை உயர்ந்த நொதியைச் செய்து வெளியே விடும் முன், மலிவான மூலக்கூறு ஒன்றை விட்டு ஆழம் பார்ப்பது மாதிரி. 2010இல் வந்த ஒரு பரிசோதனை இதற்கு நன்றாக வலு சேர்த்தது. ஒரே ஒரு ஸ்டெஃபிலோகாக்கஸ் செல்லைக் குறுகிய அறை போன்ற இடத்தில் தனியாக அடைத்துவைத்தார்கள். கூட்டமே இல்லை, ஆனாலும் அதன் ஏஜிஆர் எழுந்துகொண்டது. தான் விட்ட பெப்டைடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வெள்ளணு ஒன்று இந்தக் கிருமியை விழுங்கித் தன் பைக்குள் அடைத்தாலும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். சிறையிலிருந்து தப்பிக்க நச்சு தேவைப்படும் சரியான நேரத்தில் ஒற்றை ஆளுக்கே கோரம் கிடைத்துவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் மேலே திரவம் ஓடிக்கொண்டிருந்தால் சமிக்ஞை அடித்துச் செல்லப்படும். 2016இல் பிரின்ஸ்டனில், நுண்ணிய குழாய்களில் திரவத்தை ஓடவிட்டு ஸ்டெஃபிலோகாக்கஸையும் காலரா கிருமியையும் வளர்த்தபோது, படலத்தின் மேற்பரப்பில் இருந்தவை அடங்கியே கிடந்தன. படலத்தின் அடியிலும், குழாயில் பள்ளமாகவும் மூலையாகவும் இருந்த இடங்களிலும் மட்டும் எழுந்தன. நம் குடலின் உட்சுவர் முழுக்கப் பள்ளமும் மடிப்பும்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஆய்வகக் குடுவையில் வளர்த்து எடுத்த எண்களை உடம்புக்கு அப்படியே பொருத்த முடியாது என்று புரியும். எண்ணிக்கை, இட நெருக்கடி, ஓட்டம் எல்லாம் கலந்த ஒரு அளவீடு இது. கோரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. ஆனால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

வெளியே விட்டுவிட்ட பொருள் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். வைரஸ்கள் படிக்கின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களில் விபி882 என்ற ஒன்று, காலரா கிருமியின் ஒரு சமிக்ஞையைப் பிடிக்கும் ஏற்பியைத் தன் மரபணுத் தொகுதியிலேயே சுமக்கிறது என்று 2019இல் தெரியவந்தது. கிருமியின் உள்ளே பதுங்கியிருந்து, வெளியே ஆள் நிறைய இருக்கிறார்கள் என்று உறுதியானதும் செல்லை உடைத்துக்கொண்டு கிளம்புகிறது. அடுத்து நுழைய வீடு தயாராக இருக்கும் நேரம் பார்த்து! அதற்கு இரண்டு வருடம் முன்பு இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரோடெம் சோரெக் குழு, ஃபேஜ்களே தங்களுக்குள் ஆறு அமினோ அமிலப் பெப்டைடு ஒன்றால் தகவல் விட்டுக்கொள்வதைக் கண்டிருந்தது.

நம் உடம்பும் சும்மா இல்லை. சூடோமோனாஸின் 12 கார்பன் லாக்டோனைச் சிதைக்கும் பாராக்ஸனேஸ்-2 என்ற நொதி நம் சுவாசப் பாதைச் செல்களில் இருக்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் அபோலிப்போபுரதம் பி, இரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸின் பெப்டைடைப் பிடித்துவைத்துக் கட்டிப்போடுகிறது. வேறு நச்சுப்பொருட்களை உணரும் ஒரு பழைய ஏற்பி சூடோமோனாஸின் சமிக்ஞைகளையும் உணர்ந்து, எவ்வளவு பலமாக எதிர்க்கலாம் என்று முடிவெடுக்க உதவுகிறது என்றும் 2019இல் காட்டினார்கள். அதே சமயம் நம்மை ஒட்டுக்கேட்கும் கிருமியும் உண்டு: இரத்தப் பேதியை உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலை நம்முடைய அட்ரினலினை உணர்ந்து தன் நோய்க்கருவிகளை இயக்குகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு யாருக்கும் முதலில் தோன்றுவது, கிருமியைக் கொல்லாமல் அதன் சமிக்ஞையை மட்டும் அடைத்துவிடலாமே என்பதுதான். ஆன்டிபயாட்டிக் கொல்கிறது, அதனால் தப்பிக்கும் கிருமி பெருகி எதிர்ப்பு வளர்கிறது. கொல்லாவிட்டால் அந்த நெருக்கடி இருக்காது, எதிர்ப்பும் வராது என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆஸ்திரேலியக் கடற்கரையில் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புக் கடற்பாசி இருக்கிறது, அதன் இலைகளில் பாக்டீரியாப் படலம் அவ்வளவாகப் படிவதில்லை. காரணம் அது செய்யும் ஃபுரனோன் என்ற மூலக்கூறு, லாக்டோன் சமிக்ஞையைக் குழப்புகிறது. அதைப் பார்த்துச் செய்த செயற்கை ஃபுரனோன், எலிகளின் நுரையீரலில் சூடோமோனாஸ் தொற்றைக் குறைத்தது. ஆனால் மனிதனுக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை. எதிர்ப்பே வராது என்ற நம்பிக்கையும் 2012இல் ஆட்டம் கண்டது: ஃபுரனோனைப் பம்ப் போட்டு வெளியே தள்ளும் சூடோமோனாஸ் திரிபுகள் அகப்பட்டன.

இதைவிடப் பெரிய சிக்கல், ஏமாற்றுக்காரர்கள். நொதியை எல்லோரும் சேர்ந்து செய்து வெளியே விடுகிறார்கள், அது உடைத்த உணவு பொதுவில் கிடக்கிறது. சமிக்ஞையைக் கேட்கும் ஏற்பி பழுதான ஒரு செல் எதுவும் செய்யாமல் அந்த உணவை மட்டும் சாப்பிட்டு மற்றவர்களைவிட வேகமாகப் பெருகலாம். இது ஏதோ கற்பனை இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் நுரையீரலில் வருடக்கணக்கில் இருக்கும் சூடோமோனாஸில் இப்படி ஏற்பி பழுதானவை அடிக்கடி கிடைக்கின்றன. நீண்டநாள் தொற்றில் பாதிப் பேர் ஏற்கெனவே காதை மூடிக்கொண்டிருந்தால், சமிக்ஞையை அடைக்கும் மருந்து யாருக்கு?

2010இல் வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் சிக்கலாக்கியது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சூடோமோனாஸைக் கொல்லும் அளவுக்கு வலுவானதல்ல, ஆனால் அதன் கோரம் ஏற்பாட்டை மட்டுப்படுத்தும். செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளில், மருந்து கொடுக்காதவர்களிடம் நாளாக நாளாக ஏமாற்றுக்காரர்களின் கை ஓங்கியது, அதாவது கிருமிக் கூட்டம் தானாகவே சாதுவாகிக்கொண்டு வந்தது. மருந்து கொடுத்தவர்களிடம் யாருமே நொதி செய்யாததால் ஏமாற்றுக்கு லாபமில்லை, முழுத் திறனுள்ள பழைய கிருமிகளே நிலைத்தன. மருந்தை நிறுத்தினால் அவை ஆயுதத்தோடு தயார். நல்லது செய்யப் போய் எதைக் காப்பாற்றினோம் பாருங்கள்.

ஸ்டெஃபிலோகாக்கஸில் ஏஜிஆரை அடைத்தால் நச்சு குறையும், தோல் தொற்றுகளில் அது நல்லது. ஆனால் ஏஜிஆர் அடங்கியிருக்கும்போதுதான் இந்தக் கிருமி படலமாக ஒட்டிக்கொள்கிறது, எழுந்தால் படலம் கலைகிறது. செயற்கை மூட்டு பொருத்தியவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் கிருமிக்கு உதவியதாகவும் ஆகலாம். நீண்ட நாள் விடாமல் தொடரும் இரத்தத் தொற்றுகளில் ஏஜிஆர் பழுதான வகைகள் அதிகம் காணப்படுவதும் இதோடு ஒத்துப்போகிறது. காலராவுக்கோ அடைக்கவே கூடாது, நேர்மாறாக ஊட்ட வேண்டும். 2010இல் அதைத்தான் செய்தார்கள்: நிஸில் என்ற தீங்கற்ற ஈ.கோலை வகைக்குக் காலரா கிருமியின் சமிக்ஞையைச் செய்யும் மரபணுவைக் கொடுத்து, கிருமி நுழைவதற்கு 8 மணி நேரம் முன்பே எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். உள்ளே வந்த காலரா கிருமிக்கு ஏற்கெனவே கூட்டம் நிறைந்துவிட்ட மாதிரித் தோன்றும், நச்சு செய்யாது. 92 சதவீதக் குட்டிகள் பிழைத்தன.

இதுவரை மனிதர்களில் எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது தாய்லாந்திலிருந்து வந்தது, அதுவும் யாரும் ஆய்வகத்தில் வடிவமைத்த மருந்தல்ல. அங்கே கிராமப்புற மக்கள் 200 பேரைப் பரிசோதித்தபோது, குடலில் பேசில்லஸ் என்ற வகைப் பாக்டீரியா இருந்தவர்கள் ஒருவரிடம்கூட ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை. அந்தப் பேசில்லஸ் செய்யும் ஃபென்ஜிசின் என்ற பொருளின் வடிவம் ஸ்டெஃபிலோகாக்கஸ் பெப்டைடை ஒத்திருக்கிறது, ஏஜிஆரின் ஏற்பியை அடைத்துவிடுகிறது; குடலில் குடியேற இந்தக் கிருமிக்கு ஏஜிஆர் தேவை. 2018இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, ஆரோக்கியமான 115 பேரைச் சேர்த்து ஒரு பகுதியினருக்குப் பேசில்லஸ் சப்டிலிஸையும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையையும் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி, பேசில்லஸ் சாப்பிட்டவர்களின் மலத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸின் அளவு 96.8 சதவீதமும், மூக்கில் 65.4 சதவீதமும் குறைந்தது. குடலில் இருந்த மற்ற பாக்டீரியாக்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. மாத்திரையை விழுங்கியது வாயால், குறைந்தது மூக்கிலும்கூட. அப்படியானால் இந்தக் கிருமியின் முக்கியமான இருப்பிடம் மூக்கு என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்ததையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வில் பார்த்தது கிருமியின் அளவை மட்டும்தான். அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளுக்குத் தொற்று குறைகிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.